நாற்காலிகள் ஏன் பெருகின?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நலக்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கு ஒப்புதல் பெற்றது. இனி எஞ்சியிருப்பது மதிய விருந்து ஒன்றுதான். பின்கட்டில் தேக்சாவின் மூடியைத் திறந்துவிட்டார்கள் என்பதை அனைவருடைய மூக்கும் அறிந்துகொண்டது. இந்த நேரத்தில் உடற்பருமனைப் பற்றிப் பேச வந்து நிற்பவர்களை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள் என்பது நமக்குத் தெரியும். ஆயினும் நலக்குழு இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் நம் பள்ளிவாசலுக்குள்ளேயே இருக்கிறது.

நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் சற்றே நினைவுகூர வேண்டும். நாம் சிறுவர்களாக இருந்தபோது தொழுகை வரிசையில் நாற்காலி என்பது அரிய காட்சி. மிகவும் தளர்ந்த முதியவர் ஒருவருக்காகச் சுவரோரம் ஒன்று கிடக்கும். இன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் வரிசையின் இரு முனைகளிலும் நாற்காலிகள். அவற்றில் அமர்ந்திருப்போர் எல்லாரும் முதியவர்களும் அல்லர். நாற்பதைத் தொட்டவர்களும் இருக்கிறார்கள். முழங்கால் மடங்கவில்லை, மூச்சு வாங்குகிறது, காலில் புண் ஆறவில்லை என்கிறார்கள். நாற்காலி வாங்கித் தருவது ஜமாஅத்தின் கடமை. வாங்கித் தந்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் நாற்காலிகள் ஏன் பெருகின என்று கேட்பதும் நம் கடமையே.

எது பருமன்?

நாம் மருத்துவர்கள் அல்லர். மருத்துவர்கள் சொன்னதையும், நாடறிந்த ஆய்வுகள் தெரிவிப்பதையும், நம் தெருக்களில் நாம் காண்பதையும் ஒன்று சேர்த்து இங்கே வைக்கிறோம்.

உடலில் கொழுப்பு அளவுக்கு மீறிச் சேர்ந்து நலத்தைக் கெடுக்கும் நிலையே உடற்பருமன். அதை அளப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். உலக அளவில் இந்த எண் 25-ஐத் தொட்டால் மிகை எடை, 30-ஐத் தொட்டால் பருமன். நம் நாட்டவர்க்கு இந்த எல்லை இன்னும் தாழ்வானது. 23-லேயே எச்சரிக்கை, 25-லேயே பருமன் என்று இந்திய வல்லுநர்கள் 2009-இல் வகுத்தனர். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 59 கிலோவுக்குள் இருப்பது நலம். 64 கிலோவைத் தாண்டினால் பருமன்.

கணக்குப் போட இயலாதவர்கள் தையற்காரரின் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளலாம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும். கைலியின் மேல் சரிந்து நிற்கும் தொந்தியே மற்ற இடத்துக் கொழுப்பைவிட ஆபத்தானது. ஏனெனில் அது தோலுக்கடியில் மட்டும் இருப்பதில்லை. கல்லீரலையும் குடலையும் சுற்றிப் படிந்து, இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. ஒரு நாள் களைத்துப்போகிறது. அன்று சர்க்கரை நோய் வெளிப்படுகிறது. இரத்த அழுத்தம், மாரடைப்பு, கல்லீரல் கொழுப்பு, உறக்கத்தில் மூச்சு தடைபடுதல், மூட்டுத் தேய்வு ஆகிய அனைத்தும் இதன் உறவினர்களே.

இது பணக்காரர் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். 2015-16 ஆய்வில் இது 31 ஆகவும் 28 ஆகவும் இருந்தது. நாட்டின் மொத்த அளவோ பெண்களில் 24, ஆண்களில் 23. அதாவது இந்தியா முழுமையும் நடந்து செல்லும் பாதையில் தமிழ்நாடு ஓடிக்கொண்டிருக்கிறது.

படகு மாறியது, உடலும் மாறியது

பருமனுக்குச் சோம்பலும் பெருந்தீனியுமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அப்படியானால் நம் தந்தையர் எல்லாரும் உறுதி மிக்கவர்கள், நாம் எல்லாரும் உறுதியற்றவர்கள் என்றாகும். உண்மை அதுவன்று. அவர்கள் மெலிந்திருக்க எந்த முயற்சியும் செய்யவில்லை. அவர்களுடைய நாள் அவர்களை மெலிய வைத்தது.

பழவேற்காட்டு ஏரி சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இந்த நீர்ப்பரப்பில் கழி ஊன்றியும் துடுப்பு வலித்தும் பாய் கட்டியும் போன காலம் ஒன்று இருந்தது. பாட்டு முறைப்படி தன் முறை வந்த நாளில் வலை போடுபவர், இடுப்பளவு நீரில் மணிக்கணக்கில் நின்றார். இறால் வாங்கச் சென்ற நம் வியாபாரிகள் கரையோரக் குப்பங்களுக்கு நடந்தே போய், தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். வீட்டில் பெண்கள் கிணற்றிலிருந்து நீர் இறைத்தார்கள், அம்மியில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள். ஒருவரும் அதை உடற்பயிற்சி என்று சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி வந்தது. அதன் பிறகு கடற்கரை எங்கும் நிவாரணமாகக் கண்ணாடி இழைப் படகுகளும் இயந்திரங்களும் வந்தன. நல்லதே நடந்தது, உயிருக்குப் பாதுகாப்பும் கூடியது. கூடவே உடலுழைப்பு குறைந்தது. தெற்கே எண்ணூரில் 2001-இல் துறைமுகம் வந்தது, பின்னர் காட்டுப்பள்ளியிலும் வந்தது. அனல்மின் நிலையங்கள் எழுந்தன. நம் இளைஞர் சிலர் ஏரியை விட்டுக் காவல் பணிக்கும், ஓட்டுநர் பணிக்கும், கிடங்குக் கணக்குக்கும் சென்றார்கள். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தபடியே வேலை. அதிலும் பாதி இரவுப் பணி. இரவு உறக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது, போதும் என்று சொல்லும் சுரப்பு குறைகிறது. பகலில் உறங்கி எழுந்தவர் பசிக்காகச் சாப்பிடுகிறாரா, களைப்புக்காகச் சாப்பிடுகிறாரா என்பது அவருக்கே தெரிவதில்லை.

நம் வீட்டுப் பெண்கள் பனையோலையில் கூடையும் பெட்டியும் முடைந்து ஊருக்குப் பெயர் தேடித் தந்தவர்கள். அதுவும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அமர்ந்து செய்யும் தொழில்தான். முன்பு ஓலை முடைந்து எழுந்தால் நீர் இறைக்க வேண்டியிருந்தது. அது அவர்களைக் காத்தது. இன்று எழுந்தால் மோட்டாரின் பொத்தானும் மிக்சியின் பொத்தானும் இருக்கின்றன. உழைப்பு குறைந்ததற்காக நாம் வருந்தவில்லை. குறைந்த உழைப்புக்கு ஈடாக எதையும் வைக்கவில்லை என்பதே நம் வருத்தம். 2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீடு ஒன்று, இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்றும், பெண்களில் அது 57 விழுக்காடு என்றும் கூறுகிறது.

தட்டில் நேர்ந்த மாற்றம்

நம் முன்னோர் பசியை அறிந்தவர்கள். அந்தப் பசியைப் போக்க இந்த மாநிலம் செய்தவற்றை நன்றியுடன் நினைக்க வேண்டும். காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் விலையில்லா அரிசி, 2022 முதல் பள்ளிகளில் காலை உணவு என்று அந்தப் பட்டியல் நீளும். ஏரியில் மீன் இல்லாத மாதங்களில் அந்த அரிசிதான் நம் அடுப்பை எரிய வைத்தது.

ஆனால் பசிக்கு மருந்தாக வந்த அரிசி, தட்டை முழுதும் நிரப்பிவிட்டது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2025-இல் வெளியானது. இந்தியர் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, மாவு, சர்க்கரை என்றும், புரதம் குறைவு என்றும் அது கூறியது. ஏரிக்கரையில் வாழும் நமக்குப் புரதம் குறைவு என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார். ஆனால் நடப்பது என்ன? முகத்துவாரம் மணல் மூடி, நீர் வரத்துக் குறைந்து, மீன்பாடும் குறைகிறது. கிடைக்கும் நல்ல நண்டும் இறாலும் பனிக்கட்டிப் பெட்டியில் ஏறி ஏற்றுமதிக்குப் போகின்றன. அதை விற்ற பணத்தில் நாம் பொரித்த பிராய்லர் கோழியும் பரோட்டாவும் வாங்கி வருகிறோம். மடவை மீனைக் குழம்பு வைத்து உண்டவரின் பேரன், எண்ணெயில் மூழ்கி எழுந்த கோழியைப் பொட்டலத்தில் உண்கிறான்.

எண்ணெயின் கணக்கையும் பார்ப்போம். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஒரு மேசைக் கரண்டி எண்ணெயில் 120 கலோரி அளவுக்கு உண்டு. அதை எரிக்க அரைமணி நேரம் விறுவிறுப்பாக நடக்க வேண்டும். நம் தாய்மார்கள் தாளிக்கும்போது புட்டியைச் சாய்த்து ஊற்றுவார்களேயன்றிக் கரண்டியால் அளப்பதில்லை.

அடுத்தது தேநீர். கடையில் கூடினால் ஒன்று, விருந்தினர் வந்தால் ஒன்று, கணக்கு முடிந்தால் ஒன்று என்று நாளுக்கு ஐந்து குவளை. குவளைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் நாளுக்கு 40 கிராம். நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சாப்பாட்டுக்கு முன்பே நாம் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம். பிள்ளைகள் குடிக்கும் சிறு புட்டிக் குளிர்பானம் ஒன்றிலும் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை உண்டு. பால் வாங்கக் காசில்லை என்னும் வீட்டிலும் பொட்டலச் சிப்சுக்கு ஐந்து ரூபாய் கிடைத்துவிடுகிறது. ஏனெனில் பிள்ளை அழுகிறது, கடை வாசலிலேயே இருக்கிறது.

கடல் நடுவே ஒரு பாடம்

மீனவர் வாழும் தீவுகளில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பசிபிக் பெருங்கடலில் சான்று உண்டு. நவுரு என்பது 21 சதுரக் கிலோமீட்டர் மட்டுமே பரப்புள்ள தீவு. மீனும் தேங்காயும் உண்டு வாழ்ந்த மக்கள். அங்கே பாஸ்பேட் கனிமத்தைத் தோண்டினார்கள், பணம் கொட்டியது. நிலம் தோண்டப்பட்டுப் பாழானது. உணவு முழுதும் கப்பலில் வரத் தொடங்கியது. தகரப் பெட்டி இறைச்சி, மாவு, சர்க்கரை. இன்று உலகிலேயே பருமன் மிகுந்த நாடுகளின் வரிசையில் நவுருவும் டோங்காவும் முன்னணியில் நிற்கின்றன. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் நவுருவின் ஆண்களிலும் டோங்காவின் பெண்களிலும் 100-க்கு 60 பேருக்கு மேல் பருமன் உடையவர்கள்.

சமோவா என்னும் நாடு, வெளிநாடுகளில் கழித்துக்கட்டப்படும் கொழுப்பு மிகுந்த வான்கோழி வால் தன் மக்களின் உணவாகிவிட்டதைக் கண்டு 2007-இல் அதன் இறக்குமதியைத் தடை செய்தது. உலக வர்த்தக அமைப்பில் 2012-இல் சேர்ந்தபோது அந்தத் தடையைக் கைவிட வேண்டியதாயிற்று. தன் மக்கள் எதை உண்பது என்பதைக்கூட ஒரு நாடு தானாக முடிவு செய்ய இயலவில்லை. அப்படியிருக்க, தனியொரு மனிதரைப் பார்த்து உனக்கு வாய்க்கட்டு இல்லை என்று மட்டும் குற்றம் சாட்டுவது எந்த வகையில் நியாயம்?

தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது

நம் ஊரில் 1613-இல் கெல்திரியா கோட்டையைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களுடைய நாட்டிலேயே இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், கொடும் பஞ்சம் வந்தது. அப்போது கருவின் தொடக்க மாதங்களில் இருந்த ஆண் பிள்ளைகள் 19 வயதில் படைச் சேவைக்காக அளக்கப்பட்டபோது, அவர்களிடையே பருமன் கூடுதலாகக் காணப்பட்டது. வயிற்றில் பசியை அறிந்த உடல், பிற்காலத்தில் கிடைத்ததையெல்லாம் சேமித்து வைக்கப் பழகிவிடுகிறது என்று இதை அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

நம் நாட்டுக்கு இது மிகவும் பொருந்தும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்பவரும் இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யூட்கின் என்பவரும் ஒரே குறியீட்டெண் உடையவர்கள், இருவருக்கும் 22.3. ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு. இதை அவர்களே 2004-இல் தங்கள் படத்துடன் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். ஒல்லியாகத் தோன்றும் இந்தியரின் உள்ளேயும் கொழுப்பு ஒளிந்திருக்கலாம் என்பதே அதன் பொருள். நம் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கும்போதே வயிற்றில் கொழுப்புடன் பிறக்கிறார்கள் என்பதையும் அவருடைய குழுவினர் கண்டறிந்தார்கள்.

ஆகவே கர்ப்பிணிப் பெண்ணுக்கு நல்ல மீனும் முட்டையும் கீரையும் பருப்பும் கொடுப்பது இன்றைய நலம் மட்டுமன்று. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் நோய்க்கும் அதுவே தடுப்பு. குடும்பத்தில் யாருக்கு முதலில் மீன் துண்டு என்னும் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

தாய்மார்களிடம் ஒரு மன்னிப்பு

சென்ற ஆண்டு நலக்குழு ஒரு எடைப்பொறியை வாங்கி வைத்தது. பெண்கள் பக்கம் அதைக் கொண்டு சென்றபோது ஒரு சகோதரி ஏற மறுத்துவிட்டார். வற்புறுத்தினோம். பக்கத்தில் இருந்தவர்கள், ஏறினால் பொறி உடைந்துவிடும் என்று அஞ்சுகிறார் என்று சொல்லிச் சிரித்தார்கள். நாமும் புன்னகைத்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் எழுந்து போய்விட்டார். பல வாரங்கள் கழித்து, கூட்டம் இல்லாத ஒரு நாளில், நம் வீட்டுப் பெண்களிடம் அவர் சொன்ன செய்தி இது.

விடியுமுன் எழுபவர் அவர். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பவர். பிள்ளைகள் வைத்துவிட்ட சோறு, கணவர் தட்டில் எஞ்சிய கறி, பானையின் அடியில் ஒட்டியது ஆகிய யாவும் அவர் வயிற்றுக்குள்தான் போகும். உணவை வீணாக்குவது பாவம் என்று வளர்க்கப்பட்டவர். மூன்று பிரசவங்கள். வெளியே நடக்க இடமில்லை. தனியே நடந்தால் ஊர் பேசும். தைராய்டு சுரப்புக் குறைவு இருந்ததும் பின்னர் பரிசோதனையில் தெரிய வந்தது. மருத்துவரிடம் முழங்கால் வலிக்காகப் போனபோது, எடையைக் குறை என்னும் ஒரே சொல்லுடன் திருப்பி அனுப்பினார்களாம். எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: "நான் வீணாக்காமல் சாப்பிட்டதா குற்றம்?"

அந்தக் கேள்வி நம்மைச் சுட்டது. வீண்விரயம் கூடாது என்பது நம் மார்க்கம் சொல்வதுதான். ஆனால் தேவைக்கு மேல் வயிற்றில் போடுவதும் விரயமே. குப்பையில் போவதற்குப் பதில் உடலில் போகிறது, அவ்வளவுதான். குறைவாகச் சமைப்பதும், பரிமாறும்போதே அளந்து வைப்பதும், எஞ்சியதை அண்டை வீட்டுக்குக் கொடுப்பதும்தான் விரயத்தைத் தவிர்க்கும் வழி. ஒரு தாயின் வயிற்றைக் குடும்பத்தின் குப்பைத் தொட்டியாக்குவது வழியன்று. அன்று சிரித்ததற்காக அந்தச் சகோதரியிடம் ஜமாஅத்தின் சார்பில் மன்னிப்புக் கோருகிறோம். பருமன் உடையவரைக் கேலி செய்வதால் எவரும் மெலிந்ததில்லை. மருத்துவரிடம் போகாமல் ஒளிந்துகொண்டவர்களே உண்டு.

நோன்பும் விருந்தும்

நம்மிடம் ஆண்டுக்கு ஒரு மாதப் பயிற்சி இருக்கிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடவேண்டும் என்னும் நபிவழிப் பாடமும் இருக்கிறது. திருக்குறளிலும் மருந்து என்னும் அதிகாரம், அளவறிந்து உண்பதையே பெரிதும் பேசுகிறது. நோன்பு மாதத்தில் சராசரியாக ஒரு கிலோ அளவுக்கு எடை குறைவதாகவும், சில வாரங்களில் அது திரும்பிவிடுவதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. நாம் நோன்பு திறக்கும் முறையைப் பார்த்தால் அந்த ஒரு கிலோ குறைவதே வியப்புத்தான். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதனருகே வடை, பஜ்ஜி, சமோசா, நிறமேற்றிய சர்பத் என்று அணிவகுத்து வருபவற்றையே குறை சொல்கிறோம். பேரீச்சையும் கஞ்சியும் சுண்டலும் பழமும் போதாவா?

திருமண விருந்தைப் பற்றியும் மனம் திறந்து பேச வேண்டும். பிரியாணி நம் பெருமை. அதை ஒழிக்கச் சொல்லவில்லை. ஆனால் பிரியாணி, பொரித்த கோழி, பிரெட் அல்வா, ஐஸ்கிரீம், குளிர்பானம் என்று ஒரே அமர்வில் வைப்பது எதற்காக? சென்ற திருமணத்தில் அவர் நான்கு வகை வைத்தார், நாம் ஐந்து வைக்காவிட்டால் மதிப்புக் குறையும் என்பதற்காக. கடன் வாங்கி வைக்கிறோம். கடனைப் பெண் வீட்டார் கட்டுகிறார்கள். கொழுப்பை விருந்தினர் சுமக்கிறார்கள்.

நம்பிக்கை தரும் செய்தி

இவ்வளவும் கேட்டு மனம் தளர வேண்டா. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். உணவு, நடை ஆகியவற்றில் மாற்றம் செய்தவர்களிடையே நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடையே 26.4 விழுக்காடு. நடைக்கு மாத்திரைக்குச் சமமான வலிமை உண்டு என்பதை நம் மக்களை வைத்தே மெய்ப்பித்தார்கள். உடல் எடையில் 100-க்கு 5 முதல் 10 குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்குகின்றன. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மீது ஏறத்தாழ நான்கு கிலோ சுமை குறைகிறது. நாற்காலியிலிருந்து பாய்க்குத் திரும்ப இதுவே வழி.

எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் 2025 முதல் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்துள்ளன. தேவைப்படுவோருக்கு அவை உதவும்; மருத்துவர் மேற்பார்வையின்றி எவரும் தொடக்கூடாது. பெயரறியாப் பொடிகளையும் கசாயங்களையும் நம்பிப் பணத்தை இழக்கவும் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே வந்து மருந்து தருகிறார்கள். அவர்கள் கதவைத் தட்டும்போது, எனக்கு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

ஜமாஅத்தின் முன் ஐந்து வேண்டுகோள்கள்

1. பள்ளிவாசலுக்கு நடந்து வருவோம். முந்நூறு அடி தூரத்துக்கு இருசக்கர வாகனம் எடுப்பதை முதியோர், நோயாளர் தவிர மற்றவர்கள் நிறுத்துவோம். பஜ்ர் தொழுகை முடிந்து அரைமணி நேரம் ஏரிக்கரையில் சேர்ந்து நடப்போம். வாரத்துக்கு 150 நிமிடம் என்னும் அளவு அதிலேயே நிறைவேறிவிடும்.

2. பெண்கள் நடப்பதற்கென்று ஒரு நேரமும் இடமும் ஜமாஅத் ஒதுக்கித் தரவேண்டும். மதரஸா திடலை அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் அவர்களுக்கு விடுவதற்கு எந்தச் செலவும் இல்லை. ஐந்தில் ஒன்றை மட்டும் ஏற்பீர்கள் என்றால் இதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வேண்டுகிறோம்.

3. திருமண விருந்தில் பிரியாணியுடன் ஒரு துணை உணவு, ஓர் இனிப்பு, குடிநீர் என்று வரையறை செய்வோம். வசதி படைத்தவர்கள் முதலில் இதைக் கடைப்பிடித்தால்தான் இல்லாதவர்கள் துணிவார்கள்.

4. மதரஸா வாசலில் பொட்டலத் தீனியும் குளிர்பானமும் விற்கும் நம் கடைக்காரச் சகோதரர்கள், அவற்றின் இடத்தில் சுண்டல், கடலை மிட்டாய், வாழைப்பழம், மோர் ஆகியவற்றை வைக்க முன்வர வேண்டும். முதல் மூன்று மாதம் அவர்களுக்கு வரும் நட்டத்தை ஈடுசெய்வது பற்றி நிர்வாகம் பேசலாம்.

5. எடைப்பொறியும் அளவு நாடாவும் பெண்களுக்குத் தனி அறையிலும் ஆண்களுக்கு அலுவலகத்திலும் இருக்கும். அளந்த எண் அளந்தவரிடமே இருக்கும். எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், எவரும் சிரிக்க மாட்டார்கள்.

பெரியோர்களே! ஏரியின் முகத்துவாரம் மூடினால் ஊரே கூடி மனுக் கொடுக்கிறோம். நம் உடலின் வழிகளும் மெல்ல மெல்ல அடைபட்டு வருகின்றன. அதற்காக எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது? நாம்தான் நமக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நலக்குழு இன்னும் நாற்காலி வேண்டும் என்று கேட்கும் நிலை வராமல், இருக்கும் நாற்காலிகளில் சிலவற்றைக் கிடங்கில் வைத்துவிட்டோம் என்று அறிக்கை தரும் நிலை வரவேண்டும். அதற்கு அல்லாஹ் அருள்புரிவானாக.

விருந்து ஆயத்தமாக உள்ளது. அனைவரும் இருந்து உண்டு செல்ல வேண்டும். இன்றைய பந்தியில் குளிர்பானம் இல்லை. மோர் வைக்கச் சொல்லியிருக்கிறோம். குறை என்று கருதுவோர் நலக்குழுவிடம் கூறலாம். நடந்து வந்து கூறினால் மேலும் மகிழ்வோம்.